புதுத் துப்பாக்கி படியும் வரை

துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்தமானின் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஃபெர்ரிக்குக் காத்திருப்பது சாதாரண அவஸ்தை இல்லை. உள்ளே இருந்தது காற்றுத் துப்பாக்கிதான். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையைச் சுடுவதற்கானது, லைசென்ஸ்கூட வேண்டாம். இருந்தாலும் மீன்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இஸ்மே க்யா ஹை, பேட்டி?" என்று உள்ளே என்ன இருக்கிறதெனக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. "கேல் கா சாமான்" என்றேன். விளையாட்டுச் சாமான்தானே, பொய்யில்லை.

பயத்துக்கு உண்மையான காரணம் வேறு. மறுநாள் காலை அணித் தேர்வு. பெண்கள் பிஸ்டலில் முதல் இரண்டு பேருக்குத்தான் மெயின்லேண்ட் போட்டிக்குக் கப்பலேற இடம். நான் சுடப் பழகும் கிளப்புக்கென்று நல்ல பிஸ்டல் ஒன்றே ஒன்று இருந்தது. அதை நானும் என் காலேஜ் தோழி ஒருத்தியும் மாற்றி மாற்றிச் சுட்டு வந்தோம். தேர்வில் எல்லோரும் ஒரே நேரத்தில் சுட வேண்டும். "எனக்குப் புதுசு வருது, இதை நீயே வச்சுக்கோ" என்று நான்தான் பெருமையாகச் சொல்லி அவளிடம் கொடுத்திருந்தேன். புதுசு வர வேண்டிய கப்பல் கடல் சரியில்லை என்று சென்னையிலேயே நின்றுவிட்டது. பெட்டி என் கைக்கு வந்தது முந்தாநாள்தான்.

நான் வாங்கியது காம்பாக்ட் மாடல். என் கை சிறியது. பெரிய பிஸ்டல் என்றால் கடைசிப் பத்து ரவுண்டில் மணிக்கட்டு தொங்கிப்போகும். ஆனால் சின்னதிலும் ஒரு சிக்கல் உண்டு. குழலின் முன்னும் பின்னும் உள்ள குறிகளுக்கு இடைவெளி குறைவு என்பதால், கை ஒரு நூல் ஆடினாலும் அட்டையில் அது ஒரு விரல்கடை ஆகிவிடும். போதாததற்குப் புதுக் குழல். குண்டுகள் போய்ப் போய் உள்பக்கம் படிய வேண்டும். அதற்கு எனக்கு இருந்தது அந்த ஒரு பிற்பகல்.

கிளப்புக்குப் போய்ச் சுட்ட முதல் குண்டு அட்டையில் கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் விழுந்தது. அடுத்தது இடப்பக்கம் கீழே. மூன்றாவது வெள்ளையில்.

"புது பேரல்மா, அப்படித்தான் இருக்கும். சுட்டுக்கிட்டே இரு. குறியைத் திருப்புற ஸ்க்ரூவை மட்டும் தொடாத" என்றார் கோச். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதிப் பேச்சு ஹிந்தியில் ஓடும்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் ஸ்க்ரூவைத் தொட்டேன். எதையும் தானாகச் சரியாகட்டும் என்று விட்டுவைக்க எனக்கு வராது. குறியை வலப்பக்கம் இரண்டு கிளிக் திருப்பினேன். குண்டு மேலே போனது. கீழே இறக்கினேன். இடப்பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் எந்தப் பக்கம் எத்தனை கிளிக் திருப்பினேன் என்பதே மறந்துபோனது. அட்டையைப் பார்த்தால் யாரோ கைப்பிடி மிளகை வாரி எறிந்ததுபோல இருந்தது.

பக்கத்து லேனில் கிளப் பிஸ்டலோடு நின்றிருந்த தோழி எட்டிப் பார்த்தாள். பெங்காலிப் பெண், எங்கள் பேச்சு ஹிந்தியில்தான். "அரே, யே கன் ஹை யா பிச்காரி?" இது துப்பாக்கியா, பிச்காரியா என்கிறாள். ஹோலிக்குக் குழந்தைகள் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்தப் பிச்காரி. நான் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

கோச் வந்து அட்டையைப் பார்த்தார். பிஸ்டலை வாங்கித் தானே ஐந்து குண்டு சுட்டார். அவருடையதும் சிதறியது. அப்படியென்றால் தப்பு என் கையில் இல்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடமே அதன் அர்த்தம் உறைத்தது. கையில் கோளாறு என்றால் ராத்திரி படுத்து எழுந்தால் சரியாகலாம். துப்பாக்கியில் கோளாறு என்றால் அது மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போய், சரியாகி, மறுபடி கப்பலேறி வர வேண்டும். தேர்வோ நாளைக்கு.

குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காற்று சிலிண்டரைக் கழற்றிவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அப்போதுதான் அந்த வாசனை. தையல் மெஷின் எண்ணெய். எங்கள் வீட்டின் வாசனையே அதுதான்.

அப்பா தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் இன்ஜின் ரூம் வேலையில் இருக்கிறார். உப்புக்காற்றைத் தன் சொந்த எதிரியாக நினைப்பவர். மெயின்லேண்டிலிருந்து எந்த இரும்பு வந்தாலும் முதலில் அவர் கைக்குப் போய், எண்ணெய்த் துணியால் துடைத்த பிறகுதான் எங்களுக்குக் கிடைக்கும். சைக்கிள், கதவுத் தாழ்ப்பாள், அம்மாவின் அரிவாள்மனை, எதுவும் தப்பியதில்லை. நேற்று நான் காலேஜுக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டி வீட்டில்தான் இருந்தது.

"எண்ணெயா?" என்ற கோச்சின் முகம் மாறியது. "சிலிண்டர்லயும் போட்டாரா? அங்க பட்டிருந்தா இதை நான் மறுபடி நிரப்ப விடமாட்டேன். அத்தனை அழுத்தத்துல எண்ணெ பட்டா பத்திக்கும். ஃபோன் பண்ணு, ஜல்தி."

அப்பாவின் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் நின்றிருந்தது. மூன்றாவது தடவைதான் எடுத்தார். பின்னால் இன்ஜின் இரைச்சல்.

"அப்பா, என் துப்பாக்கிக்கு எண்ணெ போட்டீங்களா?"

"போட்டேன்த்தா. நல்லா உள்ள வரைக்கும் விட்டிருக்கேன். இனி எத்தனை மழை வந்தாலும் கவலையில்ல."

"சிலிண்டர்ல?"

"எதுலத்தா?"

"காத்து அடைக்கிற குழாய் இருக்குல்ல, அதுல. அதோட திருகு மரையில."

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்த்தா, நான் இன்ஜின் ரூம்ல என்ன குப்பையா கொட்டுறேன்? ஏர் பாட்டில்ல எவனாவது எண்ணெ வைப்பானா? வெடிச்சுத் தொலையாதா? அதை உறையைவிட்டே எடுக்கல."

"பின்ன குழல்ல மட்டும் ஏன்ப்பா விட்டீங்க?"

"அது இரும்புல்லத்தா."

கோச் மூச்சை விட்டார். குழலில் மட்டும் எண்ணெய் என்றால் குண்டு சிதறும், வெடிக்காது. துடைக்கும் கயிற்றில் துணியைக் கோத்துக் குழலுக்குள் இழுத்தோம். முதல் துணி சொதசொதவென்று மஞ்சளாக வந்தது. அடுத்தடுத்த துணிகளில் மஞ்சள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்று வெறும் துணியாகவே வந்தது. அது வரைக்கும் ஆன நேரம் எனக்கு மட்டும்தான் நீளமாகத் தெரிந்திருக்கும்.

இனி மறுபடி முதலிலிருந்து. குறியை நடுவுக்குக் கொண்டுவந்து, குழல் படியும் வரை சுட வேண்டும். ஆனால் பிஸ்டலில் காற்று தீர்ந்துகொண்டிருந்தது, அதை நிரப்பும் பெரிய டேங்கின் முள்ளும் அடியில் கிடந்தது. எங்கள் டேங்க் ஸ்கூபா கடையில் நிரப்பி வருவது. கடை அதற்குள் மூடியிருக்கும். மிஞ்சியது ஒரு தடவைக்கான காற்று. அது தோழியின் முறை.

நான் கேட்கவில்லை. அவளே டேங்கின் குழாயை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கோ. எனக்கு நாளைக்குக் காலையில டேங்க் நிரப்பி வந்ததும் போட்டுக்கறேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, "கல் ஹாரேகி தோ பிச்காரி கோ மத் கோஸ்னா" என்றாள். நாளைக்குத் தோற்றால் பிச்காரியைத் திட்டக்கூடாதாம்.

சுட்டேன். ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. தொடாமல் இருக்க இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டேன். முதலில் சிதறல்தான். பிறகு இரண்டு குண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. அப்புறம் ஐந்து குண்டும் ஒரே இடத்தில். நடுவில் இல்லை, வலது மேல் மூலையில். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"குடும்பமா உக்காந்துருச்சு. இனி வீடு மாத்துறது சுலபம். இப்பத் திருப்பு ஸ்க்ரூவை" என்றார் கோச்.

திருப்பினேன். அடுத்த குண்டு நடுக் கறுப்பில் விழுந்தது. அதற்கடுத்ததைச் சுடக் காற்று இல்லை. அந்த ஒற்றை ஓட்டையை மட்டும் நம்பி ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தேன்.

காலையில் தேர்வின்போது ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும்போதும் எண்ணெய் வாசனை வருகிறதா என்று மூக்கு தேடியது. வரவில்லை. தோழி முதலில் வந்தாள். இரண்டாவது நானா, இன்னொருத்தியா என்று கேட்கவே பயந்து மூலையில் நின்றேன். கோச் கடந்து போகும்போது, "கப்பல்ல வாந்தி எடுப்பியா? மாத்திரை வாங்கி வச்சுக்கோ" என்றார். அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

கிளம்புகிற அன்று பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அப்பா வாசல்படியில் நின்றார். கையில் துணி, மறுகையில் அந்த எண்ணெய்ப் புட்டி.

"நடுக்கடல்ல மூணு நாளுத்தா. உப்புக்காத்து."

"அப்பா."

"உள்ள வேணாம். வெளிய?"

"பெட்டிக் கீலுக்கு மட்டும்."

உட்கார்ந்து, இரண்டு கீலுக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டு, துணியால் நிதானமாகத் துடைத்தார். அவர் புட்டியின் மூடியைத் திருகி முடிக்கும் வரை நான் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.