தளவாய் கோர்ட்டுக்குக் கொண்டுபோன கட்டை

1964 ஏப்ரலில் பம்பாயின் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல ஏறியபோது தளவாய்க்கு வயது முப்பத்து நான்கு, கால் ஒன்று. இடது காலை முந்தைய ஆண்டு சயான் சாலையில் ஒரு லாரி நசுக்கியிருந்தது. முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் பதினான்கு வருடம் தோல் சீவியவர். சுண்ணாம்பில் ஊறிய எருமைத் தோலை ஒரு மரக் கட்டைமேல் விரித்து, உட்பக்கச் சதையைக் கத்தியால் வழித்தெடுக்கும் வேலை. லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதல் நாளே ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கத்தி பிடிப்பது கை. இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்ய என்ன தடை? பிழைப்பு போய்விடவில்லை, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போதும் என்றார்.

தளவாய்க்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வரவில்லை. அந்த வேலையை விளக்கும்படி அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அன்று வீட்டில் மனைவி பூமாரி சொன்னாள்: "அந்த வக்கீலு எருமைத் தோலக் கண்ணால கண்டிருப்பாரா? வாயால சொன்னா எப்படிப் புரியும்? கட்டையத் தூக்கிட்டுப் போங்க."

"கோர்ட்டு நாறிப்போவும் பிள்ள."

"நாறட்டும். நாம தெனமும் மோந்துட்டுத்தான இருக்கோம்."

தளவாயின் வக்கீல், மாட்டுங்காக்காரர், நீதிபதியிடம் அனுமதி வாங்கினார். முதலாளி ஒரு நாளைக்குக் கட்டையை இரவல் தந்தார். டாக்ஸிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட, கூட வேலை பார்த்த ஏசுதாஸ் கட்டையையும் ஓர் ஈரத் தோலையும் கைவண்டியில் ஏற்றி, கோர்ட் இருந்த ஃபோர்ட் பகுதி வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

கோர்ட்டில் ஜன்னல்களைத் திறந்தார்கள். இடுப்பளவு உயரத்தில் சாய்த்து நிறுத்திய உருளைக் கட்டைமேல் தோலை விரித்தார்கள். ஸ்டூலும் வந்தது. தளவாய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தியைத் தள்ளினார். சதை வரவில்லை. தோல் முழுவதும் வழுக்கிப் போய் இன்ஷூரன்ஸ் வக்கீலின் ஷூமேல் விழுந்தது.

"இப்போ நீங்க உக்காந்து காட்டுங்க சாப்" என்றார் தளவாய், தாராவி ஹிந்தியில். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பிறகு ஏசுதாஸ் கட்டை முன்னால் நின்றார். தோலின் மேல் ஓரத்தை வயிற்றால் கட்டையோடு அழுத்திப் பிடித்தார். ஒரு காலை முன்னால் மடக்கி, மறுகாலைப் பின்னால் ஊன்றி, உடம்பின் பாரத்தை எல்லாம் கத்தியில் இறக்கினார். மூன்றே தள்ளலில் தோல் வெளுத்தது.

"எந்தக் காலை ஊன்றினீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

"இடது கால் சாப். அண்ணாச்சிக்கும் அதேதான்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. தளவாயின் தொழிலே போய்விட்டது, பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய் தர வேண்டும் என்றது.

"நம்ம நாத்தம் செயிச்சிட்டு அண்ணாச்சி" என்றார் ஏசுதாஸ். பூமாரி தெருவுக்கே கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்பீலுக்குப் போகவில்லை. ஆகஸ்டில் பணம் வந்தது. செப்டம்பர் முதல் தேதி, செருப்புத் தைப்பவர்களுக்குத் தோல் துண்டுகள் விற்கும் கடையைத் தளவாய் தாராவியில் திறந்தார்.