கையுறையைத் தாண்டிய துளி

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பஞ்சு மேடம். கதவுப்பிடி, மேசை, குழாய், நாற்காலியின் கை என எல்லாவற்றையும் ஈரப்பஞ்சால் துடைத்து, அதில் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று கருவியில் வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் தலை தெரிந்தாலே மாணவர்கள், "துடைக்க வந்துட்டாங்கப்பா, மூஞ்சிய மறைச்சுக்கோங்க" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சேர்ந்தாற்போலப் பல வருடங்களாகப் பஞ்சு சுத்தமாகவே வந்துகொண்டிருந்தது.

அவள் தங்கையின் கணவனுக்கும் அங்கேதான் வேலை. கெட்டிக்காரன், வாய் ஓயாதவன். வீட்டில் அவளை அக்கா என்பான், ஆய்வகத்தில் மறக்காமல் மேடம் என்பான். உயிரணுக்களுக்குள் எது எங்கே போகிறது என்று தடம்பிடிக்கக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கலந்து பார்ப்பது அவனுடைய ஆராய்ச்சி. பார்வைக்கு அது வெறும் தண்ணீர். நிறமில்லை, வாடையில்லை. கனத்த பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் கையுறையோடுதான் தொட வேண்டும். வெளியே வரும்போது வாசலில் இருக்கும் கருவியில் இரண்டு கைகளையும் காட்டிவிட்டு வர வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் தேநீர் அறைக் குளிர்பெட்டியின் பிடியைத் துடைத்தாள். கருவியில் வைத்ததும் அது படபடவென்று அடித்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தாள். இன்னொரு பஞ்சால் துடைத்தாள். மறுபடியும் அதே சத்தம்.

"யாரும் எதையும் தொடாதீங்க. கையில இருக்கற டம்ளரக் கீழ வையுங்க."

ஒருவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கருவியைத் தாழப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குழாய் அடித்தது. மின்தூக்கியின் பொத்தான் அடித்தது. ஊழியர்கள் தங்கள் சாமான்களை வைக்கும் அலமாரிகளின் வரிசையில் ஒன்றே ஒன்று அடித்தது. அது யாருடையது என்று அவளுக்குப் பெயரைப் பார்க்காமலேயே தெரியும். தங்கையின் கணவன், குழந்தைக்குத் தடுப்பூசி போடவேண்டும் என்று காலை வேலையை அவசரமாக முடித்து, தேநீர் குடித்துவிட்டு, அரைநாள் விடுப்பில் கிளம்பியிருந்தான்.

அங்கே நின்றபடியே அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"வீட்லதாங்க்கா. ஊசி போட்டுட்டு இப்பத்தான் வந்தோம். பாப்பா ஒரே அழுகை. தூக்கி வெச்சிருக்கேன்."

"கீழ விடுங்க."

"என்னக்கா?"

"பாப்பாவக் கீழ விடுங்க. உங்க கைய எங்கயும் வைக்காதீங்க. கெளம்பறப்ப வாசல் மெஷின்ல கை காட்டிட்டுத்தான் போனீங்களா?"

எட்டு மாதக் குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "இன்னைக்கு ஒரு நாள்தாங்க்கா..."

ஆய்வகத்தின் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி ஒரு ஆளை ஊசி போட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு அவளோடு வண்டியில் ஏறினார்.

கதவைத் திறந்த தங்கை அவர்களின் வெள்ளை அங்கியையும் கையுறையையும் பார்த்து மிரண்டாள். "என்னக்கா இது கோலம்?"

கதவுத் தாழ்ப்பாள் அடித்தது. சோபா அடித்தது. அவனுடைய வலது கைக் கட்டைவிரல் பக்கம் கருவி இடைவெளியே இல்லாமல் இரைந்தது. கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி அதன் வழியே வந்து, விரலில் காய்ந்து, அவன் போன இடமெல்லாம் கூடவே போயிருந்தது. குழந்தையின் இடது கையும் அடித்தது. கிலுகிலுப்பையும் அடித்தது.

தங்கை குழந்தையை வாரிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அந்தப் பிஞ்சுக் கையைச் சோப்புப் போட்டுக் கரகரவென்று தேய்க்கப் போனவளின் மணிக்கட்டை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"தேய்க்காதடி. தோல் உரிஞ்சா உள்ள போயிடும். வெதுவெதுப்பாத் தண்ணி ஊத்தி மெதுவாக் கழுவு."

கழுவக் கழுவச் சத்தம் குறைந்தது. அதிகாரி துண்டு, சட்டை, மிதியடி என்று ஒவ்வொன்றாக மஞ்சள் பையில் போட்டார். கிலுகிலுப்பையும் பைக்குள் போவதைத் தங்கை பார்த்தாள்.

"அத வாயில வெச்சு சப்பிக்கிட்டிருந்தாளே. எவ்ளோ உள்ள போயிருக்கும்?"

"மூத்திரத்தப் பரிசோதிச்சாத் தெரிஞ்சிடும்" என்றாள் அக்கா.

"தெரிஞ்சா? எடுத்துட முடியுமா?"

அதிகாரி பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். மூலையில் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பரிசோதனையில் கொஞ்சம் தெரிந்தது. அடுத்தடுத்த முறைகளில் குறைந்துகொண்டே வந்தது. பாதிப்பு எதையும் எதிர்பார்க்கவில்லை என்றார் மருத்துவர். 'எதிர்பார்க்கவில்லை' என்ற அந்தச் சொல்லைத் தங்கை பிடித்துக்கொண்டாள். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் அக்காவுக்குப் போன் வரும். "அதனாலயா இருக்குமோ?"

அவனைக் கதிரியக்க வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணினி முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டான். அவன் பேச்சு பாதியாகக் குறைந்துபோனது. மஞ்சள் பைகள் சேமிப்பு அறையில் கிடந்தன. அந்தப் பாஸ்பரஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஐந்தாறு மாதம் பூட்டி வைத்தால் தானாக அடங்கிவிடும். பஞ்சு மேடம் வாராவாரம் போய் அளந்துவிட்டு வந்தாள். இப்போது மாணவர்கள் அவளைக் கேலி செய்வதில்லை. துடைக்க வந்தால் எழுந்து தள்ளி நின்றார்கள்.

பைகள் அடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை கூப்பிட்டாள்.

"அந்த மெஷினக் கொண்டு வா. நான் பாக்க என் புள்ள மேல ஒரு தடவ வெச்சுக் காட்டு."

தவழ்ந்துகொண்டிருந்தவள் இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா கருவியைக் குழந்தையின் கையருகே கொண்டு போனாள். டிக். சிறிது நேரம் கழித்து இன்னொரு டிக்.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது.

"அது எப்பவும் அடிக்கும்டி. மண்ணுல இருந்து வரும், சுவத்துல இருந்து வரும், வானத்துல இருந்தும் வரும். இங்க பாரு." சுவரில் வைத்தாள். டிக். தன் உள்ளங்கையில் வைத்தாள். டிக்.

"அப்ப பாப்பாகிட்ட கேட்டது அதுதானா? அடிச்சுச் சொல்லுவியா?"

"சொல்லுவேன். அது எப்பவோ அடங்கிப் போச்சு."

தங்கை தலையாட்டினாள். குழந்தையை மடியில் உட்கார்த்தி, அந்த இடது கையை விரித்துப் பிடித்தாள்.

"இன்னொரு தடவ வை."

அக்கா வைத்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டார்கள்.