வெர்னாவின் குப்பைக் கோப்பு

வெர்னா லட்ஸ்கி நட்சத்திர ஆராய்ச்சிக்காரி. பேர்தான் பெரிசு, வானத்தை அவள் நிமிர்ந்து பார்த்தே வருஷக்கணக்காகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு கணினி, பத்து லட்சம் நட்சத்திரங்கள் உருண்டையாக மொய்த்துக் கிடக்கும் ஒரே ஒரு கொத்து. சில வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, எந்த நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

அந்த நெரிசலில் கணினி ஆள் மாறாட்டம் செய்துவிடும். ஒன்றை இன்னொன்று என்று நினைத்துக்கொள்ளும். அதனால் வெர்னா ஒரு விதி எழுதிவைத்தாள்: அளவுக்கு மீறி நகர்ந்ததெல்லாம் தப்பு, தூக்கிப் போடு. போட்டதெல்லாம் சேரும் கோப்புக்குக் ‘குப்பை’ என்று பேரும் வைத்தாள்.

அடுத்த மேசை எல்வுட் பிராட் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நிறைந்த கூட்டத்தில் எழுந்து, கொத்தின் நடுவில் கருந்துளை இருந்தால் பக்கத்து நட்சத்திரங்கள் தலைதெறிக்க ஓடத்தானே செய்யும், குப்பையைக் கிளறிப் பார்க்கலாம் என்றான்.

“குப்பை பொறுக்கக் கெளம்பிட்டியா எல்வுட்?” என்றாள் வெர்னா. கூட்டமே சிரித்தது. நடுவில் எதுவும் இல்லை என்ற அவள் கட்டுரை பேர் வாங்கியது. அவன் கம்பர்லேண்ட் என்ற ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனான். அதன்பின் மதியச் சாப்பாட்டுக்கு அவளுக்குத் துணையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் காவலாளி ஷெர்லி வழக்கம்போலச் சீண்டினாள்: “என்ன கண்ணு, இன்னிக்குமா? வீட்ல ஒரு பூனையாவது வளக்கக் கூடாதா?”

“பூனைக்கு என்னைப் பிடிக்கணுமே” என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். மனசு சிரிக்கவில்லை.

கொத்தின் மூன்றாவது படம் வந்திருந்தது. என்ன தோன்றியதோ, குப்பைக் கோப்பைத் திறந்தாள். அதில் கிடக்கும் நட்சத்திரங்கள் வெறும் ஆள் மாறாட்டம் என்றால், கணக்குப்படி அவை இப்போது இருக்கவேண்டிய இடம் மூன்றாவது படத்தில் காலியாக இருக்கும். பெரும்பாலும் காலிதான். ஆனால் ஐந்து நட்சத்திரங்கள் கணக்குச் சொன்ன இடத்திலேயே இருந்தன. ஐந்தும் நட்டநடுவில், பிசகாமல் அதே வேகத்தில். அந்த வேகத்துக்கு அவை எப்போதோ கொத்தைவிட்டே பறந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பாரம், எல்வுட் சொன்ன அந்தக் கருந்துளை, இழுத்துப் பிடித்திருந்தது.

யாரிடமும் சொல்லாமல் புதுக் கண்டுபிடிப்பு என்று வெளியிட்டு மாலை வாங்கிக்கொள்ளலாம். அவளால் முடியவில்லை. பழைய எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள்.

“எல்வுட், நான் வெர்னா. குப்பையில அஞ்சு நட்சத்திரம் நிஜமாவே ஓடுது.”

“அந்த அஞ்சோட நம்பரச் சொல்லு.”

இரண்டு சொன்னாள். மீதி மூன்றையும் அவனே மனப்பாடமாகச் சொன்னான்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“அன்னிக்குக் கூட்டத்துல சொல்லத்தானே எழுந்தேன். நம்பர் வரைக்கும் எங்க விட்டீங்க? முதல்ல சிரிச்சது நீதான்.”

“தப்பு என்னுதுதான். திருத்தி எழுதப் போறேன். உன் பேரத்தான் முதல்ல போடுவேன்.”

“பேரெல்லாம் வேணாம் வெர்னா. நாளைக்குப் பசங்களுக்கு விடைத்தாள் குடுக்கணும், திருத்துற வேலை கெடக்கு. உடம்பப் பாத்துக்கோ.” வைத்துவிட்டான். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

‘பிழை என்னுடையது’ என்று திருத்தக் கட்டுரையின் முதல் வரியைக் கணினியில் தட்டினாள். பழக்க தோஷம், சரியாக இருக்கிறதா என்று கேட்க எல்வுட்டின் பழைய மேசைப் பக்கம் திரும்பினாள்.