அப்பா தோற்றுப்போன ஆட்டங்கள்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது. அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். ஒரு தீபாவளிக்கு முன்னால், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கிவந்தார். கறுப்புப் பெட்டி, இரண்டு ரிமோட், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். டிவிக்குப் பின்னால் ஒயரைச் செருகி, சேனலைத் தேடிப் பிடிப்பதற்குள் மதியம் முழுக்கப் போய்விட்டது. படம் வந்ததும் அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

சில நாள் கேசட் ஓடாது. கழற்றி, வாயால் ஊதிச் செருகினால் ஓடும். ஊதியதால்தான் ஓடியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அடாப்டர் சூடேறினால் ஒரு வாடை வரும். வாடை வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்; எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அது.

அப்பாவுக்கு ஆட வரவே வராது. பொம்மை தாவ வேண்டிய இடத்தில் ரிமோட்டோடு சேர்ந்து அவரும் எழும்புவார். பொம்மை பள்ளத்தில் விழும். "இன்னும் செத்த நேரம் குடு பாப்பா" என்று கேட்பார். ஷிப்டு முடிந்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, அப்படியே உட்கார்ந்து தோற்பார். அப்பாவைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் உலகத்தில் இருக்கிறது என்பது அந்த வயதில் பெரிய சந்தோஷம்.

பதினான்கு வயதில் கோடை லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். தேரடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கேதான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம் ஆடினேன். நான்காம் நாள் மாமா அந்த வழியாக வந்தவர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டார். வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டு, "ஒம் மக பயலுவளோட ஒக்காந்து சுட்டுக்கிட்டு இருக்கா" என்றிருக்கிறார்.

மறுநாள் நான் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பா. மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் நான் செத்துப்போனேன்.

"யாரச் சுடுத?" என்று கேட்டார்.

"எதிரிங்களப்பா."

"அவிய என்ன செஞ்சாவ?"

எனக்குத் தெரியவில்லை. கதை வரும் இடத்தையெல்லாம் நான் பொத்தானை அமுக்கித் தாண்டிவிடுவேன். சொன்னேன்.

"தெரியாமலா இம்புட்டுப் பேரச் சுட்டுருக்க?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு, "எனக்குக் குடு, பாப்போம்" என்று மௌஸை வாங்கினார். ஒரு மணி நேரம் செத்துக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் சுவரைச் சுட்டார். பின்னாலிருந்த பையன்கள் சிரித்தார்கள். எழுந்தபோது தலைசுற்றி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை வீட்டில் மாமா காத்திருந்தார். "என்ன செய்யப் போறீய?" என்று கேட்டார்.

"என்னன்னு பாத்துட்டேன் மாப்ள. எனக்குப் புடிக்கல. ஆனா அவ ஆடட்டும். கதையத் தாண்டாம ஆடிட்டு, எனக்கு வந்து சொல்லணும். அம்புட்டுதான்."

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் சொன்னேன். அவர் சவரம் செய்துகொண்டே கேட்பார். நான் மறந்த ஆளை அவர் ஞாபகம் வைத்திருப்பார். "அந்தப் பாலத்துல விட்டுட்டு வந்தியே, அவன் என்ன ஆனான்?" என்பார். சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் கவனித்து ஆடினேன். அப்பா போய் நான்கு வருடமாகிறது. ஒரு ஆட்டம் முடிந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இப்போதும் இருக்கிறது.

நான் இப்போதும் ஆடுகிறேன். மகளுக்குப் பதினொரு வயது. போன வருடம் அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகளைக் கெடுப்பது மொபைல் கேம்தான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் எழுந்து, "கேம் மேல பழி போடுறது லேசு. நம்ம பிள்ள என்ன ஆடுதுன்னு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும்?" என்றேன். சிலர் கைதட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தேன்.

அடுத்த புரட்டாசி சனிக்கிழமை மகளைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே குன்றின் மேல் இருக்கும் பெருமாள் கோயில்தான். படியில் நெரிசல். பாதி ஏறியதும் மகள் என் போனைக் கேட்டாள். சிக்னல் இல்லை. போனை மேலே தூக்கிப் பார்த்தாள், அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

"ரெண்டு மணிக்குள்ள கேமுக்குள்ள போவணும்மா. ஒரு நாள் விட்டாக்கூட எல்லாம் போயிரும்."

"எது போயிரும்?"

"தெனமும் வந்ததுக்குக் குடுத்த பரிசு. ஒன் போன்லதான் இருக்கு. நீ பாத்ததே இல்லையா?"

பார்த்ததே இல்லை. அந்த ஆட்டத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கூட்டத்தில் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்து முகம் எரிந்தது. சன்னதியில் அவள் கை கூப்பினாளே தவிர, கண் என் கைப்பையில் இருந்தது. இறங்கிவந்து சிக்னல் கிடைத்தபோது மணி இரண்டரை. பரிசெல்லாம் போயிருந்தது. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "காட்டு" என்றேன். ஒரு ஊரையே கட்டிவைத்திருந்தாள். நடுவே ஆறு. அதில் மேகத்தின் நிழல்கூட நகர்ந்தது. வரைந்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஆற்றை இரண்டு நிமிடம் நிம்மதியாகப் பார்க்க விடவில்லை. பெட்டி பெட்டியாகக் குதித்துவந்தன: நாளைக்கும் வா, இதை வாங்கு, உன் தோழி முந்திவிட்டாள். நாங்கள் ஆடிய கேசட், அணைத்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. இது, கையில் போன் இல்லாத பள்ளிக்கூடத்திலும் சிக்னல் இல்லாத கோயில் படியிலும்கூட என் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இப்படிக் கூப்பிடத் திட்டம் போட்டவர்கள்மேல் எனக்குக் கோபம்தான். அதைத் தொழில் என்று அவர்கள் சொன்னாலும் நான் விடமாட்டேன். ஆனால் அத்தனை மாதமும் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால், ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தது நான்தான்.

ஆட்டத்தை அழிக்கச் சொல்லவில்லை. அது கூப்பிடும் வழிகளையெல்லாம் போன் செட்டிங்ஸில் இரண்டு பேரும் தேடித்தேடி அடைத்தோம். முதல் வாரம் என்மேல் கோபமாக இருந்தாள். அப்புறம் சில நாள் அவளாகவே ஆட்டத்துக்குள் போகாமல் விட்டாள். முந்தாநாள் போனைப் பிடுங்கிக்கொண்டு, "நீ ஆடுனா ஆத்துக்குள்ள வீட்டக் கட்டிப்புடுத. சும்மா பாரு" என்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். திரையில், அவள் ஊரின் சந்தைக்கு அந்தப் பக்கம் ஆற்றின்மேல் ஒரு பாலம் போட ஆரம்பித்தாள்.