மிரட்டலை மொழிபெயர்த்த சார்ஜன்ட்

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தச் சார்ஜன்ட்தான். மடிப்புக் கலையாத காக்கி, சீப்பால் மீசையை ஓயாமல் வாரும் கை. கலகெதர ஊரில் உள்ள என் வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தராவிட்டால் 'உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்' என்று என் சித்தப்பா அனுப்பிய கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். பொறுப்பதிகாரிக்கு அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார்: சித்தப்பா இவரை நன்றாகப் பார்த்துக்கொள்வாராம். அதிகாரி சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"சித்தப்பாதானே தம்பி? இதுக்கெல்லாம் பொலிஸ் புத்தகத்துல என்ட்ரி போட ஏலாது. பேசித் தீர்த்துக்கங்க" என்றார் சார்ஜன்ட்.

"அப்ப சித்தப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். உங்களையும் கொஞ்சம் கவனிச்சுக்கட்டும்."

சீப்பு நின்றது. "என்னடா, பொலிஸையே மிரட்டுறியா?"

வீட்டைத் தர முடியாது, வழக்குப் போட்டுப் பாருங்கள் என்று சித்தப்பாவுக்கு அன்றே பதில் எழுதினேன். அந்தச் சார்ஜன்ட்டைவிடச் சித்தப்பா எவ்வளவோ மேல். நினைத்ததையாவது எழுதினார்.