அட்ஜஸ்ட் பண்ணாத மெக்கானிக்

"எல்லோரிடமும் அனுசரித்துப் போகும் சுபாவம் உடையவர், மேலதிகாரிகளை எதிர்த்துப் பேசாதவர்." முந்தைய கம்பெனி கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் அவளைப் பற்றி இப்படிச் சொல்கிறது. எழுதியவர் வேறு யாரையோ மனதில் வைத்திருக்க வேண்டும். அல்லது, இவளை எப்படியாவது இன்னொரு கம்பெனியின் தலையில் கட்டிவிட அவசரப்பட்டிருக்க வேண்டும்.

சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் தையல் மெஷின் மெக்கானிக். இடுப்பில் எந்நேரமும் திருப்புளி செருகியிருப்பதால் ஸ்குரு அக்கா. நூலின் இறுக்கம், மோட்டாரின் வேகம் என்று நாள் முழுக்க எதையாவது அட்ஜஸ்ட் செய்வதுதான் பிழைப்பு. ஆனால் அதே சொல்லை யாராவது அவளிடம் சொன்னால் போதும், கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் எத்தனை வேஷம்! பஸ்ஸில் சொன்னால் நகர்ந்து உட்கார் என்று பொருள். டெய்லர் சொன்னால், அளவு தப்பிவிட்டது, நீ இளைத்துக்கொள். வீட்டு உரிமையாளர் சொன்னால் குழாயில் தண்ணீர் வராது. புருஷன் சொன்னால், என் தங்கச்சி பேசியதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடு. யார் சொன்னாலும் நகர வேண்டியது கேட்பவர்தான்.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மெஷின்களில் ஊசிக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு, விரல் உள்ளே போகாமல் தடுக்க. அது இருந்தால் துணியைத் திருப்ப நேரமாகிறதாம். சாப்பாட்டு இடைவேளையில் மேனேஜர் முதல் வரிசைக் கம்பிகளையெல்லாம் கழற்றித் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

"கம்பி எங்க சார்?"

"ஆர்டர் முடியட்டும்மா. அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? ஊசிகிட்ட சொல்லுங்க. விரலப் பாத்தா ஒதுங்கிப் போகட்டும்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். இவங்களுக்கு விரலும் வேணும்."

முதல் வரிசையில்தான் அவளுடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவளே இப்போது கிசுகிசுத்தாள்: "பெருசு பண்ணாதீங்க அண்ணி. நான் பாத்துத் தெச்சுக்கறேன்."

"நீ பாப்ப. ஊசி பாக்குமா? உன்னோடதான் எனக்குச் சண்டை, உன் விரலோட இல்ல. கைய எடு."

அந்தக் கம்பெனியில் ஒரு நடைமுறை இருந்தது. பெல்ட் கழன்ற மெஷின் ரிப்பேரில் இருப்பதாக அர்த்தம். மெக்கானிக் திரும்ப மாட்டும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை தானே கைவைத்து மோட்டாரைப் புகையவிட்ட பிறகு, மேனேஜரே போட்ட உத்தரவு அது.

ஸ்குரு அக்கா குனிந்தாள். ஒவ்வொரு பெல்ட்டாகக் கழற்றி வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டே நடந்தாள். முதல் வரிசை மெஷின்கள் எல்லாம் நின்றுபோயின.

"என்ன பண்ற நீ?"

"ரிப்பேர் சார்."

"எதுல கோளாறு?"

"உங்க மேஜை இழுப்பறையில."

"இப்பவே உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

"தாராளமா. புது மெக்கானிக் வர்ற வரைக்கும் ஆர்டர் கொடுத்தவங்கள அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனார்தான். சிரித்த கையோடு கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். மற்றவர்களும் சாய்ந்தார்கள். மேனேஜர் ஆர்டர் தேதியை நினைத்தார், வரிசையைப் பார்த்தார், சட்டைப் பையில் சாவியைத் தேடினார்.

இழுப்பறை திறந்தது. அவள் முதல் வரிசை மெஷின் ஒவ்வொன்றிலும் கம்பியை முடுக்கி, ஆட்டிப் பார்த்து, அதன் பிறகே பெல்ட்டை மாட்டினாள்.