தீவுக்காரர் டொமினிக் தூக்கிப் போன கல்

பெங்களூரில் பட்டாளம் தங்கிய தண்டுப் பகுதியில், பிளாக்பள்ளி மாதா கோயிலைச் சுற்றிய தெருக்களில் டொமினிக்கைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய தீவைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளைக்காரர்கள் வந்து போகும் ஒரு ரொட்டிக் கடையில் ஆயுசு பூராவும் கேக் போட்டு ஓய்ந்த மனிதர் அவர். கோயில் முற்றத்தில் நின்றால் மட்டும் ஜமீன்தார். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல் தீவில் தங்கள் குடும்பத்துக்குப் பனந்தோப்பு, நல்ல தண்ணீர்க் கிணறு, சொந்தமாக ஒரு சின்னக் கோயில் எல்லாம் உண்டு என்பார். சின்ன வயதில் அம்மாவைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, சமையல்காரச் சித்தப்பாவோடு பெங்களூருக்கு ரயிலேறியவர், அதன் பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனாலேயே தோப்பு வருஷா வருஷம் பெருத்துக்கொண்டு போயிற்று.

மகள் பவுலினுக்கு அந்தத் தீவால் பட்டது போதும் போதும் என்றாகியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம், "உங்க குடும்பத்துக்குத் தீவு கீவு ஏதாவது இருக்கா?" என்று கேட்டே துரத்தியவர் அப்பா. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போனதற்கு அவள் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். ஒரே ஒருத்தன் போனதற்கு மட்டும் அப்பாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். இப்போது அவள் பள்ளிக்கூட டீச்சர், காதோரம் நரை. அம்மா போன பிறகு அப்பாவுக்கு என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

1934 பிறந்ததும் டொமினிக்குக்கு நெஞ்சு வலி வந்து போயிற்று. கண் திறந்ததும் அவர் கேட்டது கஞ்சி இல்லை, சத்தியம். செத்தால் தன்னைத் தீவுக்குக் கொண்டுபோய், தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைப்பதாகப் பவுலின் சத்தியம் செய்ய வேண்டுமாம்.

"கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்துல அம்மா பக்கத்துலயே உங்களுக்கு எடம் விட்டு வெச்சிருக்கே, பப்பா."

"கேத்தரின் பக்கத்துல நாப்பது வருஷம் படுத்தாச்சு. போதும்."

பவுலின் பொய்ச் சத்தியம் செய்கிற ரகம் இல்லை. செய்தால் நிறைவேற்றியாக வேண்டும். மதராஸ் வரைக்கும் ஒரு ரயில், பொன்னேரிக்கு இன்னொரு ரயில், அப்புறம் மாட்டு வண்டி, அப்புறம் படகு. அப்பா தோதாக மார்கழியில் செத்தாலாவது பரவாயில்லை. அவருடைய சுபாவத்துக்குச் சித்திரை வெயிலில்தான் சாவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஒரு தடவை நேரில் கூட்டிக்கொண்டு போய் அலைய விட்டால் ஆசை விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டாள். ஈஸ்டர் லீவில் கிளம்பினார்கள்.

கிளம்புகிற அன்று அப்பா சாக்கில் சுற்றிய ஒரு கல்லோடு வந்து நின்றார். கல்பள்ளி வாசலில் கல்லறைக் கல் வெட்டும் ஹெர்பர்ட் அவருடைய சிநேகிதர், அவர் சும்மா கொடுத்தது. நல்ல பெங்களூர்க் கருங்கல். அதில் 'டொமினிக், தீவுக்காரர்' என்று வெட்டி, பிறந்த வருஷமும் போட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அதை இப்போதே தீவில் தன் அம்மாவின் பக்கத்தில் நட்டுவிட்டால் மகளால் பிறகு தட்டிக்கழிக்க முடியாது என்பது கிழவரின் ஏற்பாடு.

கல் பார்க்க அம்மிக்கல் அளவு இருந்தது. ரயிலில் ஒருத்தி, "அம்மி சரி, குழவி எங்க?" என்று அக்கறையாக விசாரித்தாள். வண்டிக்காரன், பெண்ணுக்குச் சீர் கொண்டு போகிறார்கள் என்று நினைத்துப் பவுலினை மேலும் கீழும் பார்த்தான்.

படகு அவர்களைத் தீவின் ஏரிப் பக்கத்துக் கரையில் இறக்கியது. சாக்கைக் கழியில் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் அப்பாவும் பின்னால் மகளுமாக நடந்தார்கள். கால் கணுக்கால் வரை மணலில் புதைந்தது. எங்கு பார்த்தாலும் அடம்பங்கொடி, தாழம்புதர், ஆளைக் கண்டு வளைக்குள் ஓடும் நண்டு. கழி பின்பக்கமாகச் சரிந்துகொண்டே வந்ததில், அப்பாவின் மற்ற பாரங்களைப் போல இதுவும் அவள் தோளுக்கே வந்து சேர்ந்தது.

"அந்த மேடு தாண்டினா தோப்பு," என்றார் டொமினிக். மேட்டைத் தாண்டினார்கள். இன்னொரு மேடு இருந்தது. "அப்ப நான் சின்னப் பையன். மேடெல்லாம் பெருசாத் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

"அப்ப பெருசுன்னா, இப்ப சின்னதால்ல இருக்கணும்?" என்றாள் பவுலின். அவர் காதில் விழாத மாதிரி நடந்தார்.

மூன்றாவது மேட்டில் ஏறியதும் எதிரே கடல் இருந்தது. டொமினிக் திகைத்துப்போனார். "கடல் இவ்வளவு கிட்ட வராதே. தோப்பு, கோயில், கல்லறை எல்லாம் தாண்டித்தானே கடல் வரும்," என்றார், யாரோ தப்பான இடத்தில் வைத்துவிட்டுப் போன மாதிரி.

கரையில் அமலோற்பவம் என்று ஒரு பெண்பிள்ளை கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கோயிலுக்கு வழி கேட்டார்.

"கோயிலா? அது தண்ணிக்குள்ள போயி எத்தினியோ காலம் ஆச்சு சாமி. தோ, அந்தப் படகு நிக்குது பாரு, அதுக்கும் அப்பால."

"கல்லறைங்க?"

"அதுவும்தான். இந்தத் தீவு ஒரு எடத்துல குந்தாது. கடல் இந்தப் பக்கம் மண்ணத் தின்னும், ஏரிப் பக்கம் துப்பும். எங்க குடிசையே ரெண்டு தபா பின்னால நவுந்துச்சு."

பாறை மேல் கட்டின ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, நிலம் நடந்து போகும் என்று எப்படித் தோன்றும்? பெங்களூரில் நட்ட கல் நட்ட இடத்தில் இருக்கும்.

டொமினிக் கழியை இறக்கி வைத்தார். செருப்போடு, காற்சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் மூழ்கிய இடத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, படகு நின்ற திக்கைப் பார்த்து, "அம்மா, நான் டொமினிக் வந்திருக்கேன்," என்றார்.

பவுலின் ஜெயித்துவிட்டாள். ஆனால் அவளுக்கு அழுகைதான் வந்தது. அழுகை வந்ததால் கோபமும் வந்தது. இத்தனை வருஷம் தீவு தீவு என்று இந்த மனிதர் உயிரை எடுத்தது அவருடைய அம்மாவை நினைத்துத்தான் என்பது ஏன் தனக்குத் தெரியாமல் போயிற்று என்று தன் மேலேயே கோபம். இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தாள். அவர் சாக்குக் கல்லின் மேலேயே உட்கார்ந்தார்.

அமலோற்பவம் சாக்கை ஓரமாக விலக்கிப் பார்த்தாள். "நல்ல கல்லு. இந்தத் தீவு பூரா தேடினாலும் கல்லு கெடைக்காது. இனிமே உனுக்கு இது எதுக்கு சாமி? குடுத்துட்டுப் போனா மொளகா அரைப்பேன்."

"அதெல்லாம் தர முடியாது," என்று பவுலின் சீறினாள். அப்பா பக்கம் திரும்பினாள். "பப்பா, இங்கயே நடலாம். சத்தியம் பண்றேன். ரயிலோ வண்டியோ, எப்படியாவது உங்களக் கொண்டாந்து இங்க சேக்கறேன்."

டொமினிக் எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அமலோற்பவத்திடம் கல்லைக் காட்டினார்.

"எடுத்துக்கம்மா. பேரு இருக்கற பக்கம் மட்டும் கீழ இருக்கட்டும். மொளகா பட்டா எரியும்."

படகுக்குத் திரும்பி நடக்கும்போது கழி மட்டும்தான் கையில். பவுலின் மறுபடியும் ஆரம்பித்தாள். "நான் சும்மா சொல்லல, பப்பா. நெஜமாத்தான்."

"வேணாம்மா. இந்தத் தீவ நம்பி ஒரு ஆளப் போட முடியாது. உங்கம்மாவோட நாப்பது வருஷம் சண்டை போட்டேன். ஒருநாள்கூட அவ நின்ன எடத்த விட்டு நகரல. அங்கயே போடு. நீ வந்து தேட வேண்டி இருக்காது."